இருநூற்று நாற்பத்தோராவது முட்டை

கணவர் பார்த்துக்கொண்டிருக்க உயிருள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்றுதான் துளசிமணி அந்த இன்குபேட்டரை வாங்கினாள்.

சென்னியப்பன் பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. வடவள்ளியில் லேத் பட்டறை வைத்து எட்டுப் பேரை வேலை வாங்கிய மனிதர். இப்போது அவர் தொண்டையிலிருந்து வருவது ஒரே ஒரு சத்தம்தான்: 'ங்கு'. பசித்தாலும் அதுதான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அதுதான். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா, வெளியில சொல்லத்தான் வழியில்லை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக் கிடந்தால் இருக்கிற நினைவும் மங்கிவிடும், அசைகிற எதையாவது கண்ணெதிரே வையுங்கள் என்று உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். டிவியைப் போட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மெஷினைப் பொருத்த முகுந்தன் என்ற இளைஞன் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சென்னியப்பனின் இடது கைக்கு எட்டும் தூரத்தில் அதை வைத்தான். சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருந்தது. கண்ணாடி மூடி, உள்ளே ஆறு குழிகள். ஆறு நாட்டுக்கோழி முட்டைகளை அடுக்கிவிட்டு அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் துளசிமணியிடம்தான் பேசுவார்கள். அவன் சென்னியப்பனைப் பார்த்துப் பேசினான்.

"தாய்க்கோழி அடையில உட்கார்ந்தா பன்னெண்டு முட்டையும் எப்படி ஒரே நாள்ல பொரியுது, தெரியுங்களா ஐயா? குஞ்சு ஓட்டுக்குள்ள இருந்தே தட்டும். பக்கத்து முட்டைக்கு அது கேட்கும். நான் தயாரு, நீ தயாரான்னு ஒன்னையொன்னு விசாரிச்சுக்கும். பின்னாடி இருக்கிறது அவசரப்படும், முந்தினது கொஞ்சம் பொறுத்துக்கும்."

"ஆறே முட்டைதானே இருக்கு" என்றாள் துளசிமணி.

"அதுதாங்க மேடம் சிக்கல். ஆறுக்குள்ள பேச்சு பத்தாது. நாலு பொரியும், ரெண்டு உள்ளேயே போயிடும். அதனால ஒரே நாள்ல அடை வைக்கிற நாப்பது வீட்டு மெஷினையும் எங்க கம்பெனி இன்டர்நெட்ல கோத்துடுது. உள்ளே ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். இங்க தட்டுறது திண்டுக்கல்ல கேட்கும். இருநூத்தி நாப்பது முட்டையும் ஒரே கூட்டுல இருக்கிறதா நினைச்சுக்கும்."

"பொரிஞ்சதுக்கு அப்புறம்?"

"லைனை வெட்டிடுவோம். அப்புறம் அவங்கவங்க குஞ்சு, அவங்கவங்க வீடு."

"ங்கு" என்றார் சென்னியப்பன்.

"ஆமாங்க ஐயா" என்று முகுந்தன் தலையாட்டினான். துளசிமணி கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. அதற்குள் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, மாத்திரைகளைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்து முடிக்க வேண்டும். மத்தியானம் பக்கத்து வீட்டு லோகாம்பாள் வந்து ரசம் சோறு ஊட்டுவாள். மீதி நேரமெல்லாம் சென்னியப்பனும் மெஷினும்தான். முப்பத்தேழரை டிகிரி என்று சிவப்பு எழுத்து எரிந்துகொண்டே இருக்கும். மணிக்கொரு தரம் தட்டு 'கிர்' என்று சாய்ந்து முட்டைகளைப் புரட்டிவிடும். ஏழாம் நாள் துளசிமணி ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே கடுகளவு ஒரு புள்ளி துடித்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் தட்டு அசைவதை நிறுத்திக்கொண்டது. இனி முட்டைகளைப் புரட்டக்கூடாதாம். அன்றிலிருந்து மெஷினுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. துளசிமணி வேலை முடிந்து வரும்போது அவர் ஒருக்களித்து, கண்ணாடி மூடிமேல் மூச்சுப் படும்படி முகத்தை வைத்துக்கொண்டு 'ங்கு, ங்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். "போதும், தொண்டை வலிக்கும்" என்று அவரை நிமிர்த்திப் படுக்கவைப்பாள்.

இருபத்தோராம் நாள் லீவு போட்டாள். லோகாம்பாளும் பார்க்க வந்திருந்தாள். பதினொன்றே கால் வரை முட்டைகள் அசையவில்லை. பதினொன்று இருபதுக்கு ஆறு முட்டையிலும் ஒரே இடத்தில் விரிசல் விழுந்தது. ஆறு மூக்குகள் ஒரே தாளத்தில் ஓட்டைச் சுற்றிக் கொத்தின. ஆறு மூடிகள் ஒன்றாகக் கழன்று விழுந்தன.

லோகாம்பாள் இரண்டடி பின்வாங்கினாள். "எங்கூட்ல எத்தனை அடை வெச்சிருப்பேன், இப்புடிக் கண்டதில்லை கண்ணு. ஒன்னு முந்தும், ஒன்னு பிந்தும். அதுதான உசுரு."

போனில் படங்கள் வந்து குவிந்தன. அடை வைத்த நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் கம்பெனி ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்திருந்தது. எல்லாப் படத்திலும் நேரம் பதினொன்று இருபது. இருநூற்று நாற்பதில் ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை.

துளசிமணி மெஷினைத் துடைத்துப் பரணில் போட்டாள். குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் விட்டு, அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, கட்டிலோரம் வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் கஞ்சி நேரம். சென்னியப்பன் வழக்கம்போல வாயை இறுக்கிக்கொண்டார். அவள் வழக்கம்போல இடது கையால் அவர் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக வாய் திறந்துதான் ஆகவேண்டும், திறந்ததும் கரண்டி உள்ளே போய்விடும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொல்லிக்கொடுத்த வழி. எட்டுப் பத்துக் கரண்டியில் வேலை முடிந்துவிடும். மாத்திரை உள்ளே போகாவிட்டால் வலிப்பு வரும், அதை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவள் அவருடைய மோவாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெட்டியைக் கவனித்தாள். ஆறு குஞ்சுகளும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்துகிடந்தன. பிரித்து எடுத்தபோது அடியில் இருந்தது மூச்சு முட்டிச் செத்திருந்தது.

பஸ்ஸில் போகும்போது போனைத் திறந்தாள். திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கும் அருள்சீலி என்ற பெண் முதலில் எழுதியிருந்தாள்: 'காலைல ஏழு பத்துக்கு எல்லாக் குஞ்சும் மூலைக்கு ஓடிப்போய்க் குமிஞ்சிருச்சு. ஒன்னு செத்துருச்சு. பூனை எதுவும் வரலை. உங்க வீட்டுலயும் இப்படி ஆச்சா?' அதற்குக் கீழே முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் சொன்ன நேரம் ஏழு பத்து.

மறுநாளும் ஏழு பத்து. அதற்கு மறுநாளும்.

முகுந்தனைக் கூப்பிட்டாள். "லைனை வெட்டலையா நீங்க?"

"பொரிஞ்ச அன்னிக்கே வெட்டியாச்சுங்க மேடம். மெஷினே உங்க பரண் மேல கிடக்கு. அங்க ஒரு வயரும் இல்லை."

"அப்புறம் எப்புடிங்க?"

"கூடு வயர்லதான் இருக்குன்னு நாங்க நினைச்சோம். குஞ்சுங்க அப்படி நினைக்கலை போல. ஏதோ ஒரு வீட்டுல காலையில ஏழு பத்துக்கு ஒரு உசுரு பயந்து நடுங்குது. அது மத்த எல்லாத்துக்கும் போய்ச் சேருது. எப்படிப் போகுதுன்னு மட்டும் கேட்காதீங்க. எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியலை."

ஏதோ ஒரு வீடு. அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலையைத் துளசிமணி எடுத்துக்கொண்டாள். அலுவலகத்தில் இருபது வருடம் பதிவேடு பார்த்தவள் அவள், அதனால் வேலை சுத்தமாக நடந்தது. யார் வீட்டில் நாய், யார் வீட்டில் குடிகாரர், யார் வீட்டில் அடங்காத பிள்ளை என்று ஒவ்வொருவராகப் போன் போட்டு விசாரித்தாள். எல்லோரையும் ஏழு பத்துக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். மேட்டூர் பரந்தாமன் அனுப்பிய வீடியோவில் பின்னால் ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"அது நாந்தாங்க. எங்கண்ணனுக்குக் காது கேட்காது, சத்தமாத்தான் பேசோணும்" என்றார் பரந்தாமன்.

"பேசுறதுக்கும் மிரட்டுறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியுங்க" என்றாள் துளசிமணி. "வாயில்லாத ஜீவனைத் தினமும் ஒருத்தர் துடிக்க வெச்சிட்டிருக்காங்க. இது நிக்கலைன்னா போலீசுக்குப் போவோம்."

அதைக் குழுவிலும் எழுதினாள். மேட்டூர்ப் பக்கமிருந்த வேறொரு உறுப்பினர் பரந்தாமன் வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பரந்தாமன் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் தாராபுரத்தில் துளசிமணியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். லோகாம்பாளிடம் சாவியையும் மாத்திரைச் சீட்டையும் கொடுத்துவிட்டு வியாழன் மாலை கிளம்பினாள். வெள்ளிக்கிழமை காலை, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. 'இன்னிக்கு ஒன்னும் ஆகலை' என்று அருள்சீலி எழுதியிருந்தாள். எல்லா ஊரிலிருந்தும் அதே செய்தி. சனிக்கிழமையும் குஞ்சுகள் அமைதியாக இருந்தன. சிலர் துளசிமணிக்குக் கும்பிடு போட்டு எழுதினார்கள். பயமுறுத்தியது வேலை செய்திருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். சனி மாலை வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது குஞ்சுகள் மூலையில் குவிந்திருந்தன. இன்னொன்று செத்திருந்தது. அவள் வீட்டில் இப்போது நான்கு.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவதற்குள் அருள்சீலி கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கல்யாணத்துக்கு எந்தெந்த நாள் போயிருந்தீங்க?"

"வெள்ளி, சனி. ஏன்?"

"மேட்டூர்க்காரர் வீட்டுல குஞ்சே இல்லைக்கா. புதன்கிழமையே ஆறும் செத்துப்போச்சாம். நேத்துத்தான் விசாரிச்சேன். புதன்கிழமைக்கு அப்புறம் வியாழக்கிழமை காலைலயும் இங்க குஞ்சு குமிஞ்சுச்சு. வெள்ளி, சனி இல்லை. இன்னிக்கு மறுபடி."

துளசிமணி கையிலிருந்த பாத்திரத்தை மேடைமேல் வைத்தாள்.

"உங்க வீட்டுல வேற யாரும் இருக்காங்களாக்கா?"

"யாரு இருக்காங்க? நானும் அவரும்தான். அவர் படுத்த படுக்கை."

சொல்லும்போதே தன் இடது கையைப் பார்த்தாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அவர் மூக்கின் எண்ணெய்ப்பசை மினுமினுத்தது.

நேரே லோகாம்பாள் வீட்டுக்குப் போனாள். லோகாம்பாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, ரெண்டு நாளும் காலையில கஞ்சி எப்புடிக் குடுத்தீங்க?"

லோகாம்பாள் தலையை நிமிர்த்தவில்லை. "குடுக்கலை கண்ணு. வாயைத் தொறக்கவே மாட்டேனுட்டாரு. வேண்டாங்கறவங்களுக்கு நான் எப்புடிக் குடுக்கறது? உட்டுட்டேன். மத்தியானம் பொறுமையா உக்காந்து ரசத்துல மாத்திரையக் கரைச்சு நாலு வாய் குடுத்தேன். நீ திட்டுவீன்னு சொல்லலை."

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் ஒன்றும் நடக்காதது போல நொய் பொறுக்கிக்கொண்டிருந்தன.

குழுவில் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. நீளமாக எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: 'அந்த வீடு என் வீடு. செய்தது நான். மேட்டூர்க்காரர் மீது ஒரு தப்பும் இல்லை. துளசிமணி.'

பிறகு பரந்தாமனைக் கூப்பிட்டாள். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"பரவால்லைங்க. குஞ்சு போனா வேற வாங்கிக்கலாம்" என்றார். "எம் பொண்ணு ஆறாவது படிக்குது. தெருவுல வந்து அந்த ஆளு கத்துனப்ப வாசல்லதான் நின்னுச்சு. சாயந்தரம் எங்கிட்ட வந்து, 'அப்பா, நிஜமா நீ ஒன்னும் பண்ணலையா?'ன்னு கேட்டுது. இல்லைன்னேன். சரின்னுச்சு. ஆனா அதுக்கப்புறம் அவ பெரியப்பங்கூடத்தான் படுத்துக்குது."

அவரே போனை வைத்தார்.

திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்தாள். ஏழு மணிக்குக் கஞ்சியோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள். வாய் திறக்கவில்லை. மூக்கைத் தொடவில்லை அவள். ஏழு பத்து ஆயிற்று, ஏழரை ஆயிற்று. குஞ்சுகள் பல்புக்கடியில் காலை நீட்டிப் படுத்திருந்தன. எட்டு மணிக்குக் கஞ்சி ஆறி ஏடு கட்டியது. போனில் ஒவ்வொரு ஊராக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானம் லோகாம்பாள் வந்தாள். தினமும் அவளிடம் நாலு வாய் வாங்கிக்கொள்பவர், அன்று அவளிடமும் வாய் திறக்கவில்லை. இரவு இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இளநீர், மோர், பழச்சாறு. உதட்டை நனைத்தால் நனைத்தது அப்படியே வழிந்தது. கட்டாயப்படுத்தும்போது அவர் மறுத்ததைக் கஞ்சி பிடிக்காத வீம்பு என்றுதான் பதினான்கு மாதமும் அவள் எண்ணியிருந்தாள். இப்போது கட்டாயம் விலகியதும், அவர் வேண்டாம் என்றது கஞ்சியை இல்லை, இப்படி உயிரோடு கிடப்பதையே என்று தெரிந்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். "மாத்திரை இல்லாம இப்படி விடக்கூடாதும்மா. மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். "இடது கையைக் கட்டிவைக்க வேண்டியிருக்கும். இல்லைன்னா பிடுங்கிடுவாங்க."

செவ்வாய் மாலை பெட்டிக்குத் தீவனம் வைக்கப் போனவள் முந்தின நாள் காலையில் வைத்தது அப்படியே இருப்பதைப் பார்த்தாள். தண்ணீர்க் கிண்ணமும் குறையவில்லை. நான்கு குஞ்சுகளும் வரிசையாக, கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. விரலால் தீவனத்தைத் தட்டிக் காட்டினாள். ஒன்றும் திரும்பவில்லை.

போனை எடுப்பதற்கே பயமாக இருந்தது. எடுத்தாள். 'அக்கா, குஞ்சுங்க நேத்துலேருந்து கொத்த மாட்டேங்குது. எல்லாம் ஒரே பக்கமாப் பார்த்து உட்கார்ந்திருக்கு' என்று அருள்சீலி எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் எந்தத் திசை என்று யாரோ கேட்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் வடமேற்கு. ஈரோட்டில் தென்மேற்கு. யாரும் அதற்குமேல் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை; எல்லாத் திசையும் வந்து சேர்வது துளசிமணி வீட்டில்தான்.

புதன்கிழமை மத்தியானம் முகுந்தன் வந்தான். இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்ததில் அவன் முகம் வாடியிருந்தது. பெட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான்.

"மொத்தம் நூத்தி அறுபத்திரெண்டு மிச்சம் இருக்குங்க மேடம். இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள எதையாவது கொத்தலைன்னா நாளைக்கே விழ ஆரம்பிச்சிரும்." அவன் பார்வை சென்னியப்பன் பக்கம் போய் வந்தது. "ஒன்னு காட்டணும். ஐயாவும் கேட்கட்டும்."

ஒலிப்பதிவு ஓடியது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல, எண்ண முடியாத அளவுக்குத் தட்டல்கள்.

"ஒவ்வொரு முட்டையும் தட்டுறதைப் பிரிச்சு எண்ண எங்ககிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. மொத்த முட்டை இருநூத்தி நாப்பது. அது இருநூத்தி நாப்பத்தொன்னுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. மெஷின் கோளாறுன்னு விட்டுட்டோம். நேத்து உட்கார்ந்து மத்த எல்லாத்தையும் கழிச்சுட்டு அந்த ஒன்னை மட்டும் கேட்டேன்."

ஒரு பொத்தானை அழுத்தினான். தூறல் நின்றது. அமைதிக்குள்ளிருந்து மெதுவாக, விட்டு விட்டு, அந்தச் சத்தம் வந்தது. 'ங்கு. ங்கு.'

துளசிமணி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்த முட்டைங்க தட்ட ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இது இருக்கு. பொரிஞ்ச அன்னிக்குப் பதினொன்னு இருபதுக்கு முதல்ல வந்த சத்தமும் இதுதான். அதுக்குப் பதிலாத்தான் இருநூத்தி நாப்பதும் ஓட்டை உடைச்சுது."

"அவரைத் தாய்க்கோழின்னு நினைச்சுக்கிச்சுங்களா?"

"இல்லைங்க. தாய்க் குரலுக்குக் குஞ்சு பதில் சொல்ற விதமே வேற. இவரைத் தங்களோட ஒரு முட்டைன்னுதான் எடுத்துக்கிட்டிருக்கு." அவன் குரல் தணிந்தது. "இன்னும் பொரியாத முட்டை. பொரியாததை விட்டுட்டுத் தாய்க்கோழிகூட எழுந்து போயிடும். இதுங்க போகலை. காலையில பயந்ததும் இதுங்களோட பயமில்லைங்க. இப்ப சாப்பிடாம இருக்கிறதும் இதுங்களோட பசியில்லாமை இல்லை."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய இமைகளுக்கடியில் விழிகள் அசைந்தன.

"நாளைக்கு டியூப் போடச் சொல்லியிருக்காங்க. கையைக் கட்டுவாங்களாம்" என்றாள் துளசிமணி.

முகுந்தன் மடிக்கணினியை மூடினான். "நாப்பது வீட்டுலயும் அப்ப என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க மேடம்." செருப்பு மாட்டும்போது திரும்பி, "வரட்டுங்களா ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு துளசிமணி அட்டைப் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேலேயே, அவருடைய இடது விலாவை ஒட்டி வைத்தாள். குஞ்சுகள் தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் சரிந்து கிடந்தன. அவள் தரையில் உட்கார்ந்தாள். இந்தப் பதினான்கு மாதத்தில் அவரிடம் அவள் பேசியதெல்லாம் திரும்பு, தூக்கு, முழுங்கு என்பதுதான். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க" என்றாள். "உங்களுக்கு எல்லாம் புரியும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கும் தெரியும். தெரிஞ்சுட்டே உங்களை ஒரு பாத்திரம் மாதிரித் தேய்ச்சுக் கவுத்து வெச்சிட்டிருந்தேன். பஸ்ஸு போயிரும்னு மூக்கைப் பிடிச்சேன். செத்துப் போயிருவீங்கன்னு பயந்துதான் பிடிச்சேன்னு இப்பச் சொன்னா அதுவும் பாதிப் பொய்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாந்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலை, கையைக் கட்ட உடமாட்டேன். ஆனா இதுங்க உங்களை உட்டுட்டுத் திங்காதுங்களாம். அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்குது. மத்தது உங்க இஷ்டம்."

கஞ்சிப் பாத்திரத்தில் கரண்டியைப் போட்டு, மெஷின் இருந்த ஸ்டூலில் வைத்து, அவருடைய இடது கைப்பக்கம் நகர்த்தினாள். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தினாள். பிறகு எட்டிப்போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னல் வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஒரு குஞ்சு பலவீனமாக ஒருமுறை கத்தியது. சென்னியப்பன் கண்ணைத் திறந்து பெட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ங்கு" என்றார்.

நான்கு தலைகளும் நிமிர்ந்தன.

அவருடைய இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. லேத்தில் இரும்பைப் பிடித்த கைதான், இப்போது ஒரு கரண்டியைப் பிடிக்கத் தடுமாறியது. முதல் தடவை கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. இரண்டாம் தடவை பாதி வழியில் எல்லாம் மார்பில் கொட்டியது. துளசிமணி எழப்போய் மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை கரண்டியின் நுனி உதட்டைத் தொட்டது. வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியதை அவள் கதவோரத்திலிருந்து பார்த்தாள்.

பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு குஞ்சு எழுந்து நின்று தீவனத்தைக் கொத்தியது. அடுத்த வாய்க்கு இன்னொன்று. அலமாரியில் போன் அதிரத் தொடங்கியது. திண்டுக்கல், ஈரோடு, எல்லா ஊரும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன.

பாதிப் பாத்திரம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சாய்ந்தார். மோவாயிலும் கழுத்திலும் கஞ்சி வழிந்திருந்தது. துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்து, அவர் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உதடு இறுகவில்லை, கண் சுருங்கவில்லை. அவரை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பெட்டிக்குள் நான்கு குஞ்சுகளும் தீவனத்தை விட்டுவிட்டு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

அவள் கை அந்தரத்தில் நின்றது. அலமாரியில் போன் அதிர்வது சட்டென்று நின்று, பிறகு வேறு மாதிரியாக, எல்லா ஊரும் ஒரே நேரத்தில் அதிரத் தொடங்கியது.

துளசிமணி கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். துண்டை அவர் இடது கைக்கு எட்டுகிற இடத்தில், மடித்துக்கூட வைக்காமல், அப்படியே விட்டாள். ஓரடி, இன்னோர் அடி என்று பின்னால் நடந்து அறையைவிட்டு வெளியே வந்து, அவர் கண்ணில் படாதபடி சுவரோரம் நின்றுகொண்டாள். எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே குஞ்சுகள் இன்னும் குவிந்து கீச்சிடும் சத்தம் கேட்டது. வாசற்படி வரை போனாள். படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். அங்கே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குஞ்சுகள் அடங்குகின்றனவா என்று காது கொடுத்துக் கேட்டாள்.